தோற்ற போருக்கு ஒரு வெற்றி ஊர்வலம்

ரைன் நதியைத் தாண்டிப் போன ரோமின் படை முழுசாகத் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பாதிப் பேருக்குக் கேடயம் இல்லை, மீதிப் பேருக்குச் செருப்பு இல்லை. ஆகவே ரோமில் வெற்றி விழா அறிவிக்கப்பட்டது.

விழா என்றால் ஊர்வலம் உண்டு. சக்கரவர்த்தியின் தேருக்கு முன்னால் பிடிபட்ட பகையரசன் சங்கிலியோடு நடக்க வேண்டும். அவன் மட்டும்தான் குறை. அக்கரையில், தளபதி விட்டுவிட்டு ஓடிவந்த கூடாரத்தில் அவன் சௌக்கியமாக இருந்தான். இந்தச் சின்னக் குறையைத் தீர்க்க அரண்மனை அதிகாரி எபிகோனஸ் உயரமான ஆள் தேடி எங்கள் ரொட்டிக்கடைத் தெருவுக்கு வந்தார். மாவு மூட்டை சுமக்கும் தாஸ்கில் என்கிற என்னைவிட நெட்டையானவன் அங்கே இல்லை.

படைக் கொட்டடியில் தங்கவைத்து, ஜெர்மானிய அரசனாகத் தெரிய என் தலைக்குச் செம்பட்டைச் சாயம் பூசினார்கள். அரசனுக்கு எலும்பு துருத்தக் கூடாதென்று தினமும் பன்றிக்கறி. நடை பழக்க ஒரு கூத்தாடி வந்தான். முகத்தில் கர்வமும் வேண்டுமாம், தோல்வியும் வேண்டுமாம். தோல்விக்கு என் முகம் போதவில்லை, நம் தளபதியைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று காதோடு சொன்னான்.

பார்க்க வந்த என் மனைவி ருஃபில்லாவிடம் கறியின் பெருமையை அளந்தேன். அவள் ஊர்வலம் போய் முடியும் கபிடோல் குன்றின் அடிவாரத்தில் வறுத்த கொண்டைக்கடலை விற்பவள்.

"ஊர்வலத்தோட கடைசியை நீ பாத்திருக்கியா, ராசா?" என்றாள்.

இல்லை. எங்கள் தெருமுனையோடு என் வேடிக்கை முடிந்துவிடும்.

"நான் பாத்திருக்கேன். தேர் மேட்டுல ஏறும். ராஜாவை மட்டும் பக்கத்துச் சிறைக்குள்ள இழுத்துட்டுப் போய்க் கழுத்தை நெரிப்பாங்க. முடிஞ்சதுன்னு குரல் வந்த பிறகுதான் கோயில்ல காளையை வெட்டுவாங்க. கறி எதுக்குப் போடுறாங்கன்னு இப்பப் புரியுதா?"

எபிகோனஸிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. முன்னோர் வழக்கம் என்றார். தெய்வங்களும் காளையும் காத்திருக்கும்போது ஒருத்தனுக்காக வழக்கத்தை மாற்ற முடியாதாம். ஓடிவிடலாமென்றால் வாசலில் காவல். ஜெர்மானியரைப் பிடிக்க முடியாத படைக்கு ஒரு மூட்டைதூக்கியைப் பிடித்து வைக்கத் தெரிந்திருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றேன். "ராஜா செத்ததை ஊரே பாத்தாச்சுன்னு வெச்சுக்குவோம். அடுத்த மாசம் நெஜ ராஜா ஆத்தைத் தாண்டி வந்து கோட்டையைக் கொளுத்தினா என்ன சொல்லுவீங்க?"

அவர் சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இப்ப மன்னிச்சு விட்டுட்டா, அப்ப நன்றி கெட்டவன், வாக்குத் தவறிட்டான்னு சொல்லிக்கலாம்ல?"

விழாவன்று சிறை வாசலில் சக்கரவர்த்தி கையை உயர்த்தி என்னை மன்னித்தார். பெண்கள் அழுதார்கள். காளைக்குத்தான் மன்னிப்புக் கிடைக்கவில்லை. புலவர்கள் வெற்றியை விட்டுவிட்டுக் கருணையைப் பாடினார்கள். அதற்காவது சாட்சி இருந்ததே. நான் சாயத்தைக் கழுவிவிட்டு மூட்டைக்குத் திரும்பினேன்.

வசந்தத்தில் நிஜ அரசன் ஆற்றைத் தாண்டினான். கோட்டைகள் எரிந்தன. நன்றி கெட்டவன் என்று ரோமே காறித் துப்பியது. இன்னொரு படை போய், அதுவும் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தது. இன்னொரு வெற்றி அறிவிக்கப்பட்டது. எபிகோனஸ் என்னைத் தேடுவதாக ரொட்டிக்கடை முதலாளி சொன்னார். தாடியை வளர்க்கச் சொன்னாராம்.

ஒருவனை இரண்டு தரம் மன்னிக்க மாட்டார்கள். ஆனால் எங்கே போவது? திரும்பிய பக்கமெல்லாம் ரோம். ருஃபில்லா துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஜெயிச்சுட்டோம்னு சொல்ற ஊராப் பாத்துப் போவோம்," என்றாள். "அங்கதான் ஒருத்தனும் வரமாட்டான்."

இப்போது ரைனுக்கு அப்பால் ரொட்டி சுடுகிறோம். இங்கத்திய அரசன் குள்ளம், முடியும் கறுப்பு. ஒருநாள் ரொட்டி வாங்க வந்த அந்த அரசனிடமே முழுக்கதையையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சங்கிலிக்குச் சிரித்தான், சாயத்துக்குச் சிரித்தான். சிறை வாசலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"மன்னிச்சாங்களா?" என்றான். "யாரு, யாரை?"

ரொட்டியை வாங்காமலே போனான். மாலைக்குள் குதிரைகளுக்குச் சேணம் ஏறிவிட்டது.

ரோமுக்கு அடுத்த வெற்றி நிச்சயம்.