இரண்டு தட்டுப் பாட்டு

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு எர்லீனின் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள்: சுவரோரப் பெஞ்சில், தேவாலயத்துக்குப் போட்ட உடுப்போடு அப்படியே வந்துவிட்ட பர்விஸ் தம்பதி. ஜன்னல் பக்கம் டிராக்டர் பட்டறை ஆட்கள் நால்வர். அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே எர்லீன். நான்கு பலகை சேர்த்த மேடையில் கிட்டாரோடு சம்னர், அவன் பின்னால் டிரம்ஸ்காரர். மேடைக்கு எதிரே இரண்டாவது மேஜையில் நான். என் வலப்பக்கம் ஒரு காலி நாற்காலி. அது வெர்னெல்லுடையது. அவள் ஜாக்சன் நகரத்து முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் அதில் யாரும் உட்காருவதில்லை.

இந்தப் பட்டியலை வாராவாரம் அவளுக்குப் போகும் உறையின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வேன். மறுநாள் உள்ளே வைக்கும் கடிதத்தில் விவரமாக எழுதுவேன்: சம்னர் என்னென்ன வாசித்தான், யார் எழுந்து ஆடினார்கள், எர்லீன் மீனுக்கு உப்புப் போட்டாளா. முப்பது வருடம் அந்த மேடையில் பாடியவள். இதில் ஒன்று விட்டுப்போனாலும் கோபித்துக்கொள்வாள்.

மூன்று வாரமாக நான் எழுதவில்லை. காரணம் சட்டைப்பையில் இருந்தது, அவளுடைய கடைசிக் கடிதம். 'இங்கே சாயங்காலம் ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள், ஹோசியா. உன் வீட்டில் பின்னறை சும்மாதானே கிடக்கிறது. வந்து இருக்கட்டுமா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. வேறெதுவும் எழுதாதே.'

நான் எதையும் கோடு போட்டுப் பார்க்கிறவன். தாளின் நடுவே கோடு கிழித்து, வரலாம் என்பதற்கு இடப்பக்கம் ஒன்பது காரணம் எழுதினேன். வேண்டாம் என்பதற்கு வலப்பக்கமும் ஒன்பது வந்துவிட்டது. குளியலறைப் படி உயரம். என் குறட்டை. என் மனைவி இறந்து ஆறு வருடம்தான் ஆகிறது. ஊர் வாய். பத்தாவது காரணம் எந்தப் பக்கமும் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

"ஜாக்சன்லருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு, பேரு லட்ரீஸ்," என்றான் சம்னர். "ரெண்டு பாட்டு பாடணுமாம். பல்லு இருக்கறவங்க சிரிங்க, இல்லாதவங்க கை தட்டுங்க."

"நீ முதல்ல கிட்டாருக்குச் சுதி சேத்துக்கோ, அப்புறம் எங்க பல்லை எண்ணலாம்," என்றாள் திருமதி பர்விஸ்.

இருபத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முதல் பாட்டு வேகமானது, விட்டுப்போனவனைத் திட்டுகிற பாட்டு. எங்கள் கடையில் யாரும் வாய் மூடிக் கேட்பதில்லை, ஒவ்வொரு வரிக்கும் பதில் போகும். "சொல்லு கண்ணு, சொல்லு." "அவன் மூஞ்சியிலயே தெரியுமே." பட்டறை ஆட்களில் இருவர் எழுந்து ஆடினார்கள். என் கால் மட்டும் டிரம்ஸோடு சேராமல் தன் பாட்டுக்கு மேஜையை உதைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பாட்டை அவள் சம்னரிடம்கூடச் சொல்லாமல் எடுத்தாள்.

'ரெண்டு தட்டு வெச்சிருக்கே, ராசா, இன்னொண்ணு யாருக்கு...'

சம்னரின் கை கம்பி மேலேயே நின்றுவிட்டது. அது வெர்னெல் எப்போதும் கடைசியாகப் பாடும் முடிவுப் பாட்டு. இங்கே பாடுகிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று உண்டு. அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த மேடையில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொட்டால், ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். சம்னரின் அப்பா போன செய்தியும் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

பர்விஸ் தொப்பியைக் கழற்றினார். பட்டறை ஆட்கள் கழற்றினார்கள். எர்லீன் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே நெருப்பை அணைத்தாள். சம்னர் தலையைக் குனிந்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தான். ஒருவரும் பதில் குரல் கொடுக்கவில்லை.

நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வாசலுக்குப் போய் இல்லத்துக்கு ஃபோன் போட்டேன். பதினோரு முறை மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. கதவு வழியாக இரண்டாவது சரணம் வந்தது. வலப்பக்கத்து ஒன்பது காரணங்களில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு சொல் கேட்டவளை மூன்று வாரம் காக்க வைத்திருந்தேன்.

நான் உள்ளே வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. கைதட்டல் இல்லை. அந்தப் பெண் மைக்கைப் பிடித்தபடி நின்றாள், கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவு மோசமாவா பாடினேன்?"

"நல்லாத்தான் பாடினே, கண்ணு," என்றாள் எர்லீன். "எப்போ போனாங்க?"

"யாரு?"

"மிஸ் வெர்னெல்."

"அவங்க எங்கயும் போகலையே. அங்கதான் நான் வேலை பாக்கறேன். காலைல நான்தான் தலை பின்னி விட்டேன். சோளக் கஞ்சி ஆறிப்போச்சுன்னு கிண்ணத்தைத் தள்ளிவிட்டாங்க."

பர்விஸ் தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்தார். "அப்போ கழட்டினதுக்கு யாரு பதில் சொல்றது?"

"சாகறதுக்கு முன்னாடியே ஒத்திகை பாக்கறா, பாரு," என்றான் சம்னர். கடை முழுக்கச் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடைக்குப் போய், "இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"அவங்கதான், தினம் குளிப்பாட்டும்போது. இங்க இதைத்தான் பாடணும், முன்னாடியே யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க." காலி நாற்காலியைப் பார்த்தாள். "நீங்க மிஸ்டர் ஹோசியாவா?"

"ஆமா."

"பாடும்போது உங்க முகத்தைப் பாத்துட்டு வந்து சொல்லணுமாம். நீங்கதான் எழுந்து வெளிய போயிட்டீங்களே. நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லவேண்டாம். நானே எழுதறேன்."

"நீங்க எழுதலைன்னுதானே என்னை அனுப்பினாங்க."

"உக்காந்து எழுதுய்யா," என்றாள் எர்லீன், நெருப்பை மறுபடி ஏற்றிக்கொண்டே. "பொண்ணுக்கு அஞ்சு மணிக்கு பஸ். அதுக்குள்ள இந்தச் சோளமாவுத் தமாலி நாலு சாப்பிடட்டும்."

என் மேஜையில் உட்கார்ந்தேன். 'இனிமேல் என்னிடம் இப்படி விளையாடாதே' என்று எழுதிக் கிழித்தேன். குளியலறைப் படியைச் சமன் செய்வதைப் பற்றி எழுதி அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் 'ஆம்' என்று எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை.

'வேறெதுவும் எழுதாதே' என்ற அவள் விதிக்குள் உறை வராது. பின்பக்கத்துப் பட்டியலில், தொப்பி கழற்றியவர் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். டிரம்ஸ்காரருக்குப் புள்ளி இல்லை, அவர் தொப்பியே போடுவதில்லை. என் பெயருக்கு எதிரே 'ஃபோன் செய்யப் போனார், பதினோரு முறை மணி அடித்தது' என்று குறித்தேன்.

"உள்ள என்ன எழுதினீங்க?" என்றாள் லட்ரீஸ், வாயில் தமாலியோடு.

"உன்னை அனுப்பினவங்களைக் கேளு."

பசையை நக்கி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க இரண்டு தடவை அழுத்தினேன். அவள் விரலைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தாள். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.