நீஸ் கரையில் ஏழு பேர்

கோதண்டபாணியின் போட்டோ ஸ்டூடியோ விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரில் இருந்தது. 1936 வைகாசியில் அங்கே படம் எடுக்கப் புதுப் பின்னணித் திரை ஒன்று தொங்கியது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு துரை கொடுத்த தபால் அட்டையைப் பார்த்து கோதண்டபாணியே இரண்டு மாதம் உட்கார்ந்து தீட்டியது. பிரெஞ்சு தேசத்தில் நீஸ் என்ற ஊரின் கடற்கரை. நீலக் கடல், மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், எலுமிச்சை மரங்கள், கரையில் மல்லாந்து கிடக்கும் ஏழு பேர். அந்தத் தேசத்தில் பாதி வருஷம் குளிராம். வெயில் காய்வதற்கென்றே சனங்கள் ரயிலேறி அங்கே வந்து, நட்டநடுப் பகலில் சும்மா படுத்துக் கிடப்பார்களாம். கோதண்டபாணிக்குப் பிடித்ததே அதுதான். கடை திறந்த நாளிலிருந்து அவன் பகலில் கண்ணயர்ந்ததில்லை.

திரைக்கு முதல் கிராக்கி திண்டிவனத்திலிருந்து வந்தது. தாண்டவராயன் என்ற பெரியவர், புதுசாகக் கல்யாணமான மகன், மருமகள். பெரியவர் திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது, காலராப் பொணத்த வரிசையா போட்டு வெச்சிக்கிற?"

"பொணம் இல்லீங்க. வெயில் காயறாங்க."

"யாருகிட்ட கதை வுடற? கல்யாணப் போட்டோவுக்கு வந்தவங்களை எழவு வூட்டுல நிக்க வெக்கிறியே. சோறு துன்னுட்டு வர்றோம். அதுக்குள்ள அழிச்சு வை. இல்லன்னா நாலு மணி வண்டிக்குப் போய்க்கினே இருப்போம்."

பழைய அரண்மனைத் திரையைக் கரையான் தின்றுவிட்டது. இவர்கள் ஊரில் போய்ச் சொன்னால் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். கோதண்டபாணி சாம்பல் வண்ணம் குழைத்தான். ஏழு பேரையும் பாறையாக்கிவிடலாம். தூரிகையோடு முதல் ஆளின் பக்கத்தில் குந்தியவன், குந்தியபடியே இருந்தான். ஆட்களை எடுத்துவிட்டால் வெறும் கடல். கடலை மரக்காணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டேஷனில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்கும் குப்பம்மாள் தண்ணீர் குடிக்க வந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"வெயில் காயறதுக்கு ரயிலேறிப் போறாங்களா? எங்க ஊரு காணைக்கு வரச் சொல்லு படக்காரரே. நடவுல நிக்கவெச்சு சும்மாவே காயவைக்கலாம்." சொம்பை வைத்துவிட்டுத் திரையருகே குனிந்தாள். "பொணம்னு எந்தக் கூமுட்டை சொன்னது? பொணத்துக்குக் கால் கட்டைவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கணுமே. இதுங்க எட்டப் போட்டுக்கினு இல்ல கெடக்குதுங்க. திமிரு புடிச்ச காலு."

அவள் போனதும் கோதண்டபாணி சாம்பல் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுத் தோல் நிறத்தைக் குழைத்தான். பதினான்கு கால்களையும் இன்னும் கொஞ்சம் அகட்டினான். கட்டைவிரல்களைத் தனித்தனியாகத் தூக்கி நிறுத்தினான்.

தாண்டவராயன் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தார்.

"அழிக்கலையா?"

"அழிக்கலீங்க. கட்டைவெரலைப் பாருங்க."

பெரியவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே போனார். நாலாவது ஆளிடம் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

"கட்டு இல்லடா," என்றார் மகனிடம். பிறகு கோதண்டபாணியிடம், "இம்மாம் பேருக்கும் வேலை வெட்டி கெடையாதா?"

"இருக்குதுங்க. அன்னிக்கு மட்டும் இல்ல."

பெரியவர் திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகனும் மருமகளும் பின்னால் நின்றார்கள். உட்கார்ந்தவர் காலை நன்றாக முன்னே நீட்டிப் போட்டுக்கொண்டார். போட்டோவில் பாதம் மட்டும் பூதாகரமாக விழும். கோதண்டபாணி அதைச் சொல்லாமல் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.