கேபிளைக் கழற்றிய காலை

பதினோரு நாள்களாக, கணினியைப் போட்டதும் அந்தச் சிவப்புப் பெட்டி வந்தது. சந்தேகத்துக்குரிய ஏதோ ஓடுகிறது என்று ஆன்டிவைரஸ் எச்சரிக்கும். மூடினால் மறுபடி வரும். அது ஓயும்வரை ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் அடிக்க முடியாது. துறைமுக வாசலில் உப்பு லாரிகள் காத்து நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தும் பதினோரு நாள்தான்.

"ஏளா ஜெப்ஸி, பென்டிரைவ் ஏதும் சொருகுனியா?" பக்கத்து மேசை பிரேமாக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

"பின்ன, பேயா வந்து சொருகிச்சு?"

முதலாளி மஹ்மூது காயல்பட்டினத்துக்காரர். கணினியைத் தொடமாட்டார். எதுவானாலும் ஷார்ஜாவில் இருக்கும் மகன் ஹம்தானிடம் போனில் கேட்பார். நான் சேர்வதற்கு முந்தின நாள் இந்தக் கணினியைப் புதிதாக வாங்கி, எல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியது ஹம்தான்தான்.

"புதுப்பிள்ள என்னத்தையோ போட்டிருக்குன்னு மவன் சொல்லுதான்," என்றார் முதலாளி. "சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆள்தான் பாக்கணும். மனசுல வச்சிக்கிடாத."

தலையாட்டினேன்.

நான் இயற்பியல் படித்தவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கத் தெரியும். கணினி தொடங்கும்போது தானாக ஓடும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நாலாவதை நிறுத்தியபோது பெட்டி வரவில்லை. பிரிண்டருக்கானது போலப் பெயர். எங்கள் பிரிண்டர் வேறு கம்பெனி. அழிக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.

மறுநாள் காலை பெட்டி திரும்ப வந்தது. நான் நிறுத்தியதை யாரோ ஓட விட்டிருந்தார்கள்.

ஆபீஸ் சாவி பிரேமாக்காவிடம் இருந்தது. அன்று முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னளா அப்பிடி பாக்க? மூஞ்சில பவுடரு கூடிப்போச்சா?"

வியாழக்கிழமை நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்தப் புரோகிராமை நிறுத்தினேன். இரண்டு முறை அணைத்துப் போட்டும் பெட்டி வரவில்லை. கேபிளைச் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் என் கண்ணெதிரே அது தானாக ஓடத் தொடங்கியது. பிரேமாக்கா எதிரே கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் வெளியிலிருந்து யாரோ, நெட் வழியாக.

வெள்ளிக்கிழமை பிரேமாக்கா லீவு. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, 'ஏரலில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திங்கள் முதல் வரமாட்டேன்' என்று அடித்தேன். சற்று நேரம் திரையில் அப்படியே விட்டேன். சேமிக்காமல் மூடினேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து முதலாளி வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஏரல்ல வேல கெடச்சிருக்காமே? எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"யாரு சொன்னா முதலாளி?"

"மவன்தான். இப்பதான் போன் பண்ணுனான்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"எனக்கு எங்கயும் வேல கெடைக்கல. காலைல இதுல டைப் அடிச்சி அழிச்சேன், அம்புட்டுதான். எங்கம்மாட்ட கூட சொல்லல. உங்க மவன் ஷார்ஜால இருந்துக்கிட்டு இந்த ஸ்கிரீனைப் பாக்காவ, முதலாளி. அதுக்கு அவிய போட்டு வச்சதத்தான் ஆன்டிவைரஸ் தெனமும் காட்டிக்குடுக்கு."