பதினேழாம் பக்கத்துப் பெண்

வெளிநாட்டு நிதியில் மூன்று ஆண்டுகள் நடந்த திட்டம் அது. போர்ட் கிள்ளான் துறைமுக நகரின் அடுக்குமாடிகளில் எல்லா இனத்துப் பெண்களும் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நிற்க வேண்டும், பிரச்சினைகளைச் சண்டையில்லாமல் பேசித் தீர்க்கப் பழக வேண்டும் என்பது நோக்கம். அதனால் என்ன பலன் என்று மதிப்பிட உஷாராணியை அமர்த்தியிருந்தார்கள். திட்டத்தை நடத்திய பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் கொடுத்த அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டிருந்தாள். 'சங்கத்தின் முதல் பெண் தலைவர்' என்று படத்தின் கீழே இருந்தது.

உஷாராணி நேரில் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை. கிடங்கு வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு நஸ்ரினும் கூட இருந்தாள்.

"நான் இப்ப தலைவர் இல்லக்கா. ரெண்டே மாசம்தான்."

"ஏன் விட்டீங்க?"

"பிள்ளைங்க விளையாடுற இடத்துல வெளியாளுங்க லோரிய நிறுத்துறாங்க. மீட்டிங்ல கேட்டேன். மூணாம் நாள் என் மோட்டார் சைக்கிளைக் கொளுத்திட்டாங்க."

"நானும் என் வீட்டுக்காரரும்தான் தண்ணி ஊத்தி அணைச்சோம்," என்றாள் நஸ்ரின். "போலீஸ் ரிப்போர்ட்டும் பண்ணோம். இன்னும் யாரையும் பிடிக்கல."

"பயிற்சி கொடுத்தவங்ககிட்ட சொன்னீங்களா?"

"மூணு தடவை கூப்பிட்டேன். திட்டம் முடிஞ்சிருச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னாங்க. எழுந்து பேசுன்னு கத்துக்கொடுத்தாங்கக்கா. பேசினப்புறம் யாரு நம்மகூட நிப்பான்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல."

"இத எழுதலாமா? உங்க பேரைப் போடல."

பஞ்சவர்ணம் யோசித்தாள். "எழுதுங்க. அந்தப் படத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

உஷாராணி எழுதிய வரைவைப் படித்ததும் திட்ட மேலாளர் சுகுமாறன் அறைக் கதவைச் சாத்தினார்.

"இது போனா அடுத்த கட்டத்துக்கு நிதி வராது லா. நாப்பது பேர் நல்லாத்தானே பயிற்சி எடுத்தாங்க?"

"எடுத்தாங்க சார். அதையும் எழுதியிருக்கேன்."

அவர் அந்த மூன்று அழைப்புகளைப் பற்றிய பத்தியில் விரலை வைத்தார். "அந்தம்மா கூப்பிட்டப்போ ஃபோனை எடுத்தது நான்தான்," என்றார். நீக்கச் சொல்லவில்லை.

உஷாராணியின் அறிக்கை அப்படியே போனது. பதினேழாம் பக்கத்துப் படத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த கட்டத்தை நிதி கொடுத்தவர்கள் நிறுத்திவைக்க, அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று. தான் எழுதியது உண்மைதான் என்று தெரிந்தும் உஷாராணிக்கு அது பல நாள் உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் தனியாகக் கொமுட்டர் ரயிலேறி போர்ட் கிள்ளானுக்குப் போனார். பஞ்சவர்ணம் இரும்புக் கதவைத் திறக்கவில்லை.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்ககூட வரலாம்னு."

அவள் உள்ளே போய்ச் சாவி எடுத்து வரச் சற்று நேரமானது. நஸ்ரினையும் அழைத்துக்கொண்டாள். மூவரும் காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். விசாரணை நடக்கிறது என்று மட்டும் போலீஸார் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொன்னார் சுகுமாறன். வந்தார்.