முப்பத்திநாலு

தையற்கடை அக்காவுக்குத் தெரியாத இடுப்பு அந்தத் தெருவில் கிடையாது. யார் இளைத்தார், யார் பெருத்தார், யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்தார், எல்லாம் அவளுடைய அளவு நோட்டில் இருக்கும். ரகசியம் காப்பாள். அதாவது, கேட்டால்தான் சொல்வாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் யார் கேட்டும் சொன்னதில்லை. அவளுடைய கடைசித் தம்பி, ஊரார் வாயில் 'முப்பத்திநாலு', உண்மையில் முப்பத்திநாலு இஞ்ச் இடுப்புக்காரன் இல்லை.

பஸ் ஓட்டுகிறவன். முடிவெட்டும் கடையானாலும் சரி, டிப்போவானாலும் சரி, பேச்சுக்கு நடுவில் பேண்ட்டின் உள்பக்கத்தைப் புரட்டி அளவுச்சீட்டைக் காட்டிவிடுவான். "கல்யாணத்தப்போ முப்பத்திநாலு. பத்தொன்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கும் முப்பத்திநாலு." பார்த்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். தைத்தவளோ நூலைப் பல்லால் கடித்தபடி ஜன்னலைப் பார்ப்பாள். புதுப் பேண்ட் வெட்டும்போதெல்லாம் சத்தமில்லாமல் அரை இஞ்ச் கூட்டுவாள், இடுப்புப் பட்டியைத் தொப்பைக்குக் கீழே ஒரு விரல் இறக்குவாள், சீட்டில் மட்டும் பழைய எண்ணையே வைத்துத் தைப்பாள். தம்பி முகம் வாடக்கூடாதாம்.

திங்கட்கிழமை பெரியண்ணன் மார்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிழைத்துக்கொண்டார். பார்க்கப்போன அக்காவிடம் டாக்டர் அப்பாவைப் பற்றி விசாரித்தார். ஐம்பத்திமூன்று வயதில், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிரை விட்டவர் என்றாள்.

டாக்டர் தலையசைத்தார். "வயித்துச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. இதெல்லாம் தனித்தனியா வராதும்மா, கூட்டணி போட்டுக்கிட்டு வரும். குடும்பத்தோட வரும். பிறப்புல கொஞ்சம், ஒரே வீட்டுச் சாப்பாட்டுல, பழக்கத்துல கொஞ்சம். கூடப்பிறந்தவங்க எல்லாரும் வெறும் வயித்துல ரத்தம் குடுத்துப் பாருங்க. முன்னாடியே புடிச்சா பெரும்பாலும் திருப்பிடலாம்."

திருப்பிடலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பறந்தாள். பரண்மேல் இருந்த பழைய நோட்டுகளை, அம்மா தைத்த காலத்து நோட்டுகளோடு சேர்த்து, இறக்கினாள். சட்டைக்கு வயிற்றளவு எடுத்துத்தானே ஆகவேண்டும்? அப்பா, இருபத்தாறு வயதில் முப்பத்திநாலு. முப்பத்தைந்தில் முப்பத்தெட்டு. நாற்பத்தைந்தில் நாற்பத்திரண்டு. பெரியண்ணன் பக்கத்தைப் புரட்டினாள். அதே வயது, அதே எண்கள், அரை இஞ்ச் முன்னே பின்னே. பென்சிலில் கிறுக்கி வைத்திருந்த சின்னவன் பக்கத்தைத் திறந்தாள். மூன்று பேரும் ஒரே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் நிற்பது நாற்பத்தைந்தாம் படி.

நாற்பது வருஷம் ஊர்ச்செய்தி சேர்த்தவளுக்கு இப்படி ஒரு செய்தி கிடைத்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் வீட்டுச் செய்தி என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் புதுப் பேண்ட் வாங்கத் தம்பி வந்தான். ரவிக்கைக்குக் காத்திருந்த டீச்சரம்மா நாற்காலியை விட்டு அசைவதாக இல்லை.

"நாளைக்குக் காலையில ரத்தம் குடுக்கப் போறோம். சாப்பிடாம வா."

"எனக்கு எதுக்குக்கா? அண்ணன் உக்காந்த இடத்துலயே தின்னாரு, வாங்கிக்கிட்டாரு. நான் முப்பத்திநாலு."

"நீ முப்பத்திநாலு இல்லடா."

"சீட்டைப் பாரு."

"சீட்டைத் தைச்சவளே நான்தான்டா. பத்தொன்பது வருஷமா பொய் தைச்சிருக்கேன்."

டீச்சரம்மா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

அக்கா டேப்பை எடுத்துத் தொப்புளுக்கு நேரே சுற்றினாள். அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். அவளும் அவசரப்படவில்லை, எவ்வளவு நேரம்தான் பிடிப்பான்? கடைசியில் விட்டான். டேப் நாற்பத்திரண்டில் வந்து நின்றது. நோட்டை விரித்து அப்பாவின் எண்மேல் விரல் வைத்தாள். பிறகு அண்ணனின் எண்மேல். பிறகு அவனுடையதன்மேல்.

அவன் முகம் சிவந்தது. "ஊரே சிரிக்கும்படி பண்ணிட்டியேக்கா. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ சந்தோஷமா போறத பாக்க நல்லா இருந்துச்சு. அதான் தப்பு. அப்பாவுக்கும் இப்படித்தான் பட்டியை இறக்கிக் குடுத்தேன். உனக்கும் அதையே செய்யறேனேன்னு இன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு."

அவன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டேப்பை வெடுக்கென்று பிடுங்கினான். "உன் பக்கம் எங்க?"

அவளுக்குப் பக்கமே இல்லை. தனக்குக் கண்ணளவுதான். நழுவப் பார்த்தவளை டீச்சரம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "நில்லும்மா. டிரைவர் சொல்லாம எறங்கக்கூடாது."

முப்பத்தொன்பது.

"அதே ரத்தம்தான்," என்றான் தம்பி. சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீயும் சாப்பிடாம வா."

மறுநாள் ஆறரை மணிக்கே லேப் வாசலில் இருவரும் நின்றார்கள், பசியும் படபடப்புமாக. செய்தி அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. டீச்சரம்மா உபயம். வரிசையில் டிப்போ ஆட்கள் இரண்டு பேர், முடிவெட்டுபவர், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். படிவம் நிரப்பிய பெண் நிமிராமலே கேட்டாள்.

"வயித்துச் சுற்றளவு?"

தம்பி ஒருமுறை திரும்பி வரிசையைப் பார்த்தான். கை பழக்கத்தில் பேண்ட் பட்டிக்குப் போய்த் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நாப்பத்திரெண்டு. எழுதிக்கம்மா. இது எங்க அக்கா தைச்சது இல்ல, அளந்தது."

சட்டைக் கையை மடித்து, ஊசிக்கு நீட்டினான். அக்கா அவனுக்குப் பின்னால் நின்று, தன் கையையும் மடிக்க ஆரம்பித்தாள்.