‘ரைட்’டுக்கு முப்பத்தொரு சீட்டு

தமிழர் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி போடுகிறோம் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அலுவலகம் அது. கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அங்கே பதிப்பாசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கத்தரி’ என்று பெயர். மூன்று வரி எழுதிக் கொடுத்தால் ஒரு வரியாக்கித் திருப்பித் தருவார். வீட்டிலும் அவர் பேச்சு அந்த அளவுதான்.

வேலை முறையை வகுத்ததும் அவரே. வாக்கியத்தைக் கற்பனை செய்யக் கூடாது, காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்டதை ஒரு சீட்டில் எழுதி, கீழே பொருள் எழுதி, பின்பக்கம் யார் சொன்னது, எங்கே, என்றைக்கு என்று குறிக்க வேண்டும். பின்பக்கம் காலியாக இருந்தால் சீட்டு நேரே குப்பைக்கூடைக்குப் போகும், அது அவருடைய மனைவி கொண்டுவந்த சீட்டானாலும் சரி. மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள், ஜன்னலோர மேசையில். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பதிமூன்றாம் தேதி நெஞ்சு வலிக்கிறது என்றாள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

“ஐயா, ‘ர’ வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்” என்றாள் பிழை திருத்துபவள். “எல்லாம் ரெடி. அக்கா சேத்து வச்ச ‘ரைட்’ கட்டு மட்டும் இன்னும் ரோட்டுலயே நிக்குது.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, சாப்பிடப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டாள்.

ஆளில்லாத அந்த மதிய நேரத்தில் அவர் மனைவியின் கட்டைப் பிரித்தார். முப்பத்தொரு சீட்டு. வலப்பக்கம் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய சொல். நம் ஆட்கள் விட்டால்தானே? ‘ரெண்டாவது ரைட் எடுங்க’, டாக்சி ஓட்டுநர். ‘கணக்கு ரைட்டு, கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு’, பள்ளி ஆசிரியை. ‘ரைட், ரைட், போலாம்’, பஸ் நடத்துனர். ‘ரைட்டு, வந்துட்டாருய்யா பெரிய மனுஷன்’ என்பதற்குக் ‘கேலி’ என்று பொருள் போட்டிருந்தாள். சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. கேலிக்கு ஆளானவர் யாரென்று அவருக்கே தெரியும். நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்துவிட்டார்.

பன்னிரண்டாவது சீட்டு: ‘ரைட்டும்மா, வச்சிடவா? குழந்தை எந்திரிச்சிட்டான்.’ பொருள்: தொலைபேசிப் பேச்சை மனமில்லாமல் முடிக்கும்போது சொல்வது. திருப்பினார். ‘மகள். தொலைபேசி. செவ்வாய்.’

அவர்களுக்கு ஒரே மகள். பிடித்தவனோடு போகிறேன் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனைவி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. செவ்வாய்தோறும் மாடிக்குப் போய்ப் போனில் தையற்காரியோடு மட்டும் பேசுவாள். “வாரா வாரம் அப்படி என்னதான் தைக்கிறா?” என்று அவர்கூடச் சீண்டியிருக்கிறார். வீட்டில் வாய் கூசாமல் பொய் சொன்னவள் சீட்டில் பொய் எழுதவில்லை. என்றைக்காவது கத்தரி இதைத் திருப்பிப் பார்க்கும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள்.

ஒன்பது சீட்டுகள் மகளுடையவை. பேரன் பிறந்திருக்கிறான், நடந்திருக்கிறான், ரைட் கால் செருப்பை லெஃப்டில் மாட்டிக்கொண்டு விழுந்திருக்கிறான். எல்லாம் தாத்தாவைக் கேட்காமலே நடந்து முடிந்திருக்கிறது.

இன்னொரு சீட்டில் ‘ரைட்டு’ என்று ஒற்றைச் சொல். பின்பக்கம் ‘கணவர். வீட்டு வாசல்.’ தேதி, மகள் போன நாள். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். திமிர் என்றுதான் மகள் நினைத்திருப்பாள், உறவுக்காரர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மனைவி பொருள் எழுதியிருந்தாள்: ‘மனம் உடைந்த ஒருவர், வேறு வார்த்தை வராமல் சொல்வது.’ அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். வயதான ஆண் விசும்பி விசும்பி அழுவதைப் பார்க்கச் சகிக்காது. பார்க்க ஆளில்லாதது நல்லதாய்ப் போயிற்று.

கடைசிச் சீட்டு: ‘பதினெட்டாம் தேதி, ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததும் ரைட்ல பாரும்மா. அவனத் தூக்கிட்டு நிப்பேன்.’ பொருள்: வலப்பக்கம். பின்பக்கம்: மகள், தொலைபேசி, தேதி பதினொன்று. இரண்டே நாளில் மனைவி போய்விட்டாள்.

மகளுக்கு அவர் சொல்லி அனுப்பவில்லை. நம்பர் தெரியாது, நாலு பேரிடம் விசாரிக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எப்படியும் காதுக்கு எட்டியிருக்கும், எட்டியும் வரவில்லையே கல்நெஞ்சக்காரி என்று நான்கு மாதமாக அவளைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். யார் சொல்லியிருப்பார்கள்? அவள் இருக்குமிடம் தெரிந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பதினெட்டாம் தேதி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் நின்றாளோ பாவி மகள்.

மருத்துவமனையில் கொடுத்த மனைவியின் பட்டன் போனை அணைத்து அவள் மேசை இழுப்பறையிலேயே போட்டிருந்தார். சார்ஜ் போட்டு, அதற்கு உயிர் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். ‘தையற்காரி’ என்ற பெயரைத் தேடி அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மா! எங்கம்மா போயிட்ட? எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா? எப்பப் பாத்தாலும் சுவிட்ச் ஆஃப். அப்பா கண்டுபிடிச்சிட்டாரா? போனப் புடுங்கி வச்சிக்கிட்டாரா?” மூச்சு விடாமல் பேசினாள். “அழுறியா? அழாதம்மா. நீ வராததுக்கு எனக்குக் கோவமெல்லாம் இல்ல. நீ பேசினதே போதும்.”

அவர் இன்னும் பேசவே இல்லை.

“அப்பா பேசறேம்மா.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை “பாட்டியா? பாட்டியா?” என்று நச்சரித்துக்கொண்டிருந்தது.

“நீங்க எதுவும் சொல்ல வேணாம்” என்றாள் மகள். “அம்மாகிட்ட போனக் குடுங்க.”