ஒற்றை வெங்காயம்

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் ஒரே வெங்காயத்தைத்தான் சாப்பிட்டு வந்தார்கள். ஒரே ரக வெங்காயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு வெங்காயம். பஸ் டிரைவரின் மனைவி தினமும் சாயங்காலம் அதை எடுத்து நறுக்குவாள். வேர் இருக்கும் அடிப்பக்கத்தை மட்டும் ஒரு விரற்கடை விட்டு ஒதுக்கி, ஜன்னலோரம் இருக்கும் கண்ணாடி டம்ளரில், தண்ணீர் தொட்டும் தொடாமலும் உட்கார வைப்பாள். மறுநாள் மத்தியானத்துக்குள் அது பழையபடி உருண்டு திரண்டு, தோல் மூடி, கை கொள்ளாத வெங்காயமாகிவிடும். வெங்காய விலை ஏறி, கடைக்காரர் அதை எலுமிச்சம்பழம் மாதிரி எண்ணி விற்ற வருஷத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. அவளுக்குக் கை ரொம்ப இறுக்கம். முட்டைக்கோஸின் அடிக்கட்டை தட்டில் இருக்கும், புதினாக் காம்பு பாட்டிலில் இருக்கும், உடைந்த கோப்பையில் பூண்டுப் பல் முளைவிட்டுக்கொண்டிருக்கும். அவையெல்லாம் மரியாதை தெரிந்த காய்கறிகள். நாலு இலை விட்டுவிட்டு, போதும் என்று அழுகிவிடும். இந்த வெங்காயத்துக்குத்தான் போதும் என்பது தெரியவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரரும் இன்னும் இரண்டு குடும்பமும் அவளிடம் முறை கேட்டுக்கொண்டு போய்ச் செய்து பார்த்தார்கள். பச்சைத் தாள்தான் வந்தது. அதைக் கிள்ளிச் சமையலில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நறுக்கும்போது அவளுக்குக் கண் எரியாது. இலவசமாகக் கிடைத்த இன்னொரு லாபம் என்றுதான் முதலில் நினைத்தாள். எரிச்சல் எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வெங்காயத்தைச் சாப்பிட்டவர்கள் எங்கே இருந்தாலும், இவள் கத்தி இறங்கிய நிமிஷத்தில் அவர்கள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்றைக்கோ ஒருநாள் சாப்பிட்ட விருந்தாளிகள் மறுநாள் ஒருமுறை அழுதார்கள். செத்துப்போன யாரையாவது நினைத்துக்கொண்டு, தாங்களே சமாதானமாகிவிட்டார்கள். தினமும் சாப்பிட்டவர்களுக்குத் தப்ப வழியில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி பீரியடில் மூக்கும் கண்ணுமாக ஒழுகும். அழுமூஞ்சி என்று பேர் வைத்தார்கள், அந்தப் பேர் கல்லூரி வரைக்கும் கூடவே போனது. டிரைவர் ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"என்னண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்ல வெங்காயம்டா," என்றார் டிரைவர்.

வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விட்டுப் பார்த்தார்கள். நறுக்காமல் வைத்தால் இருட்டுவதற்குள் அது தானாகவே தோல் வெடித்துத் திறந்துகொண்டது, திறந்தது மூடவில்லை, அப்பாவும் மகளும் தூங்குகிற வரைக்கும் அழுதார்கள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வேரோடு குப்பையில் போட்டாள். தெருமுனையில் குப்பை வண்டி அதை வாயில் போட்டு நசுக்கிய நேரம், ஊரின் மறுகோடியில் பஸ் நடைபாதையில் ஏறி ஒரு பெயர்ப்பலகையைச் சாய்த்தது. சேதி வந்ததும் செருப்புகூடப் போடாமல் வண்டிக்குப் பின்னால் ஓடி, ஆட்களிடம் கெஞ்சி, குப்பையைக் கிளறி அந்த வேர்த்துண்டை மீட்டுக்கொண்டு வந்தவள் அவளேதான். அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு முறை கிளம்பிய எரிச்சல் யார் கண்ணிலாவது போய் இறங்கித்தான் தீரும்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். டிரைவருக்குச் சாயங்கால ஷிஃப்ட். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து நிலையத்தில் பஸ்ஸை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு மணி அடித்ததும் கட் பண்ணிவிடுவார். மூன்றாவது அடித்தால் இவள் மறதியாக எடுத்துவிடுவாளோ, காசு போய்விடுமோ என்று பயம். கட்டிக்கொண்ட பிறகு சிக்கனம் அவருக்கும் தொற்றியிருந்தது. முதல் மணிக்கு அவள் கத்தியைத் தூக்குவாள், இரண்டாவது மணிக்கு அது வெங்காயத்தை இரண்டாகப் பிளந்திருக்கும். நிலையத்தில் அவர் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடிப்பார், கண்டக்டர் டீ வாங்கி வைத்திருப்பார், அதைக் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்புவார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறியதில்லை. நடுவில் ஒருநாள் அவளுடைய போன் வெங்காய டம்ளருக்குள் விழுந்து, திரை கறுத்துப்போனது. மணி அடிக்கும், யார் என்று காட்டாது. மாற்றச் சொன்னபோது அவள், "அவரைத் தவிர எனக்கு யார் போன் பண்ணப் போறா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

மகள் மருந்தாளுநர் படிப்பை முடித்து, வேறு ஊரில் ஒரு பெரிய மருந்துக் கடைக்கு நேர்முகத்துக்குக் கிளம்பிய நாளில் காலையிலிருந்தே மழை. வீட்டுக்குள்ளும் இடி மின்னல்தான். வேலை கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுவேன், விடுதியில் வேறு வெங்காயம் சாப்பிடுவேன், ஒரு மாசத்தில் இந்தக் கண்ணு எனக்குச் சொந்தமாகிவிடும் என்றாள் அவள். அம்மா, வளர்த்து ஆளாக்கியது இதே சமையல்கட்டுதான் என்றாள்.

"உனக்கு நான் முக்கியமா, அந்த வெங்காயம் முக்கியமா?"

"வாய் நீளுது உனக்கு. மழைக்கு முன்னாடி கிளம்பு."

மழை எப்போதோ வந்துவிட்டிருந்தது. வாசலில் குடையை விரிக்கும் மகளிடம், எல்லா அம்மாக்களும் சொல்வதை அவளும் சொன்னாள்: "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு." சொன்னது என்ன என்பது சொன்னவளுக்கு உறைக்கவில்லை. கேட்டவளுக்கும் உறைக்கவில்லை. கோபத்தில் ஒருத்தி, தூறலில் ஒருத்தி.

சாப்பிட உட்கார்ந்தபோது டிரைவர், பாலத்தில் லாரி இடித்து இடதுபக்கக் கைப்பிடிச் சுவர் போய்விட்டது, வெறும் தகர டிரம்மை வரிசையாக வைத்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். பார்த்துப் போங்க என்றாள் அவள். அவர் போன பிறகு மழை வலுத்தது. வழக்கமாக மிஸ்டு கால் வரும் நேரம் வந்தது, போனது. டம்ளரிலிருந்து எடுத்த வெங்காயம் பலகைமேல் இருந்தது, கத்தி அதன் பக்கத்தில், போன் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். வெங்காயத்தின் வெளித்தோலில் மெல்லிய விரிசல் விழ ஆரம்பித்திருந்தது. தானாக வெடித்துவிடுமோ என்று பயந்தாள். கத்தியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பஸ் இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த மழைக்கு, இந்த நெரிசலுக்கு, இன்னும் பாலத்துக்கே வந்திருக்காது, இல்லை, இப்போதுதான் ஏறியிருக்கும்.

மணி அடித்தது. அப்பாடா என்று கத்தி உயர்ந்தது. இரண்டாவது மணி அடித்தது. கத்தி இறங்கியது, வெங்காயம் இரண்டாகப் பிளந்து பலகையில் ஆடியது. அப்போது மூன்றாவது மணி அடித்தது.

அது அடித்து ஓய்ந்தது. அவர் மூன்று மணி விடமாட்டார். மூன்று மணி விடக்கூடிய ஆள் ஒருத்திதான் உண்டு: கோபமாகக் கிளம்பிப் போனவள், அம்மா எடுத்துவிட மாட்டாளா, ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று ஒரு மணி கூடுதலாகக் காத்திருந்தவள். அப்படியென்றால் அவர் பாலத்தின் மேல் இருக்கிறார். அவர் கண்ணை இப்போதுதான் தன் கையாலேயே குருடாக்கியிருக்கிறாள். அவரை மட்டுமா, பஸ் நிறைய ஜனம். போனை எடுத்து அழுத்தினாள். காசு இல்லை என்று ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது. அவள் அதில் காசு போட்டதே கிடையாது. கீழே தையல்கடை மழைக்குச் சாத்தியிருந்தது. ஓடி வந்து இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, உடைந்த பாத்திரத்தை ஒட்டுவது போல இரண்டு கையாலும் இறுக்கினாள். விரலிடுக்கில் சாறு வழிந்தது. கிளம்பிய எரிச்சல் கிளம்பியதுதான். குப்பை வண்டியன்று அவள் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. யார் கண்ணிலாவது இறங்கித்தான் தீரும். அப்படியானால் யார் கண்ணிலாவது இறங்கட்டும்.

இரண்டு பாதியையும் திருப்பி, வெட்டிய பக்கம் உள்ளே இருக்கும்படி, தன் இரண்டு கண்ணிலும் வைத்து அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. "வா," என்றாள் அதனிடம். தெருவில் ஓடும் பிள்ளையை வீட்டுக்குள் இழுக்கிற குரல் அது. "அங்க என்ன வேலை உனக்கு? இங்க வா. என் கண்ணுக்கு வா. நான்தானே வெட்டினேன்? வாடா இங்க!" இமையைத் திறந்துகொண்டு, தேய்த்தாள். அப்புறம் வந்தது. பதினோரு வருஷமாகத் தவறிப்போன எரிச்சல் எல்லாம் வழி கேட்டு ஒன்றாக வந்து சேர்ந்த மாதிரி வந்தது. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். தன் அம்மா செத்த அன்று வராத அழுகையும் அதில் வந்தது. ஆனால் அப்போது அவள் நினைத்ததெல்லாம் டிரம்மையும் கயிற்றையும்தான்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மணி அடித்தது. இரண்டாவது அடித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததைக் கண்டக்டர்தான் டிரைவரோடு வீட்டுக்கே வந்து, சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார். பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தார்களாம். கண்டக்டரின் போன் அடித்தது. எடுத்தால் மகள், ரயில் நிலையத்திலிருந்து, தன் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்ட, "மாமா, அப்பா கண்ணு! ஓடுங்க!" என்று கத்தியிருக்கிறாள். அழுகை வந்த கணமே, கையில் இருந்த போனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கறதுக்குள்ள இடது டயர் ஒரு டிரம்மைத் தட்டிடுச்சு அண்ணி. அது ஆத்துல விழுந்த சத்தம் கேட்டுச்சு. அடுத்தது நாமதான்னு நினைச்சேன். அதுக்குள்ள அண்ணனுக்குக் கண்ணு தெளிஞ்சிடுச்சு. யாரோ துணியால துடைச்சு விட்ட மாதிரி." பயணிகள் யாரும் எதையும் கவனிக்கவில்லை, வண்டி லேட் என்று மட்டும் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். டிரைவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது.

"நீயா?"

"நான்தாங்க."

அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவினார், அவள் தட்டையும் கழுவினார். மறுநாள் பெயர் காட்டும் புது போன் வாங்கி வந்தார். என்ன விலை என்று அவள் கேட்கவே இல்லை. இதைத்தான் தெருவில் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள்.

மகளுக்கு வேலை கிடைத்தது. அவள் அந்த ஊரிலேயே தங்கினாள், விடுதியில் வேறு வெங்காயம் சாப்பிட்டாள். ஒரு மாசமானது, இரண்டு மாசமானது, கண் அவளுக்குச் சொந்தமாகவில்லை. சாயங்காலம் ஆனால் அங்கேயும் கலங்கியது. இது தெரிந்ததும் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் யாரும் அழ வேண்டாம் என்று, டிரைவரின் அழைப்பு வந்ததும் வெங்காயத்தைப் பிளந்து, இரண்டு பாதியையும் தன் கண்ணிலேயே வைத்து, கடைசிச் சொட்டு எரிச்சல் வரைக்கும் தானே வாங்கிக்கொண்டாள். நிலையத்தில் டிரைவர் காய்ந்த கைக்குட்டையோடு டீ குடித்தார். மூன்றாவது நாள், புது போனின் திரையில் மகள் பெயர் வந்தது. மூன்று தடவைக்கும் மேலே அடித்தது, அம்மா எடுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? நல்லாத்தான் இருக்காரு."

"மூணு நாளா எனக்குக் கண்ணே கலங்கல. வண்டி பாலத்தைத் தாண்டுச்சா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? எல்லாத்தையும் நீயே எடுத்துக்காத. என் பங்கைக் குடு."

அம்மா சரி என்றாள். அன்றிலிருந்து ஒரு பாதியை மட்டும் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், மறுபாதியைப் பலகையில் வைத்துப் பொறுமையாக நறுக்குவாள்.

அந்த மருந்துக் கடையில் இது பழகிவிட்டது. சாயங்காலம், கூட்டம் சேருகிற நேரத்தில், மகளின் கண் நிறைந்து வழியும். புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த சீட்டை வாங்குவாள். ஒருநாள் இருமல் மருந்துக்கு வந்த ஒரு பெண்மணி பதறிப்போய், ஏம்மா அழுவுற என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு."

அந்தப் பெண்மணி வாயில் கை வைத்துக்கொண்டாள். கல்லாவுக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்து, வயசாச்சா, உடம்புக்கு என்ன என்றெல்லாம் விசாரித்தாள், இந்த நிலைமையிலும் வேலைக்கு வந்திருக்கியே என்று தானும் கண் கலங்கினாள். மருந்து மாற்ற மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். மகள் அழுதுகொண்டே சிரித்த முகமாகப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்னம்மா?"

"அப்பா போய்ச் சேர்ந்துட்டாருக்கா."

"நேத்துதானே போய்ச் சேர்ந்தாரு?"

"தினமும் போய்ச் சேருவாரு," என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று சொல்லி மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்தாள்.